மாமா மசித்த கறுப்பு பீன்ஸ்

அலுவலகத்தில் மின்சாரம் போய்விட்டதால் அன்று மத்தியானமே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிசிசாகாவிலிருந்து மோர்னிங்சைட் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. கதவைத் திறந்ததும் சமையலறையிலிருந்து யாரோ ஆணி அடிப்பது போல டொக் டொக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் மாமா நிற்கிறார். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் ஸ்க்ரூ டிரைவர். முன்னால் விலா நசுங்கிய ஒரு டின், அதன் தலையில் ஏழெட்டுத் துளைகள். கறுப்புத் தண்ணீர் மேடை முழுக்க ஓடி, சுவரில் தெறித்து, அவருடைய வெள்ளை பனியனில் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தது. இடது கட்டை விரலில் சுற்றியிருந்த காகிதத் துண்டில் இரத்தம் ஊறியிருந்தது.

"பிள்ளை, உந்த ரின்னுக்கு இழுக்கிற வளையம் இல்லை" என்றார். களவில் பிடிபட்டவர் போல இருந்தது முகம்.

டின் திறக்கும் கருவி அவருடைய இடுப்புக்கு நேரே இருந்த இழுப்பறையில்தான் கிடந்தது. பதினொரு வருடங்களாக அந்த வீட்டில் இருந்தவருக்கு அது தெரியாது. அந்த இழுப்பறையை அவர் ஒருநாளும் திறந்ததில்லை.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. மாமா எங்களை விட்டுப் போய் மூன்று வருடங்கள் ஆகின்றன. யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவதும் அமிலங்களை அளந்து ஊற்றுவதுமாகப் பாதி வாழ்க்கை அங்கே போனது. ரொறன்ரோ வந்த பிறகு, பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் மூடிகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எறியும் வேலை, ஓய்வு பெறும்வரை. இரண்டு வேலைகளும் சேர்ந்து அவருக்கு ஒரு கண்ணைக் கொடுத்திருந்தன. எதைப் பார்த்தாலும் அதில் உள்ள பிழைதான் முதலில் தெரியும். சாப்பாட்டு மேசையில் அந்தக் கண் நாக்குக்கு இறங்கிவிடும். சோறு ஒரு கொதி கூட. மீன் குழம்பில் புளி பின்னுக்கு நிற்கிறது. தேங்காய்ப் பால் முதற்பாலா, மூன்றாம் பாலா? இப்படி ஏதாவது ஒன்று சொல்லாமல் அவர் கை கழுவிய நாள் இல்லை. ஆனால் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சியதும் இல்லை.

நான் மதுரைக்காரி. படிக்க வந்த இடத்தில் பழகி இந்த வீட்டுக்கு மருமகளானவள். வந்த புதிதில் ஆசை ஆசையாக வைத்த சாம்பாரை ஒரு கரண்டி வாயில் விட்டுவிட்டு, "உது என்ன, பருப்புக் குளிச்ச தண்ணியோ?" என்று கேட்டார் மாமா. அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மாமிதான் வந்து கதவைத் தட்டினார். "அழாதை பிள்ளை. குறை சொல்லாட்டி அவருக்குச் செமிக்காது. முப்பது வருசமா என்ரை சமையலுக்கும் உதுதான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அதன் பிறகு நானும் மெல்ல மெல்லச் சிரிக்கப் பழகிக்கொண்டேன். ஆனாலும் மாமாவோடு நேருக்கு நேர் பேசும் பழக்கம் எனக்கு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. தேவையென்றால் மாமி மூலமாகத்தான் இருவரும் பேசுவோம்.

அந்த டின் பீன்ஸ் நான் வாங்கி வைத்தது. வேலையிலிருந்து களைத்து வரும் நாட்களில் கழுவி, வெங்காயத்தோடு வதக்கி, ரொட்டிக்குள் சுருட்டி மகளுக்குக் கொடுத்துவிடலாம். மாமி அதை முதலில் பார்த்தபோது மூக்கைச் சுளித்து, "கவுப்பிக்குக் கரி பூசின மாதிரிக் கிடக்கு" என்றார். கவுப்பி என்றால் எங்கள் ஊரில் தட்டாம்பயறு. அலமாரியின் அடித்தட்டில், அவருடைய வறுத்த மிளகாய்த்தூள் போத்தல்களுக்கு எட்டாத தூரத்தில் அதற்கு இடம் ஒதுக்கினார்.

அந்த வருடம் மாமிக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று சொன்னார்கள். ஏழு வாரம் கதிர்ச் சிகிச்சை. கட்டி கரைந்தது. கட்டியோடு ருசியும் போய்விட்டது. உமிழ்நீர் வற்றி, வாய் பழைய காகிதம் போல உலர்ந்து கிடந்தது. சோறு மணல் என்றார், பால் சுண்ணாம்பு என்றார். மிளகாய் பட்டால் நெருப்பு. ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்துப் பானத்தைக் குடித்தால் ஐந்து நிமிடத்தில் வாந்தி. புதன்கிழமை தோறும் எடை பார்த்தார்கள். எடை ஒவ்வொரு வாரமும் இறங்கியது. இப்படியே போனால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்து அது வழியாகத்தான் உணவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று அங்கிருந்த உணவு ஆலோசகர் பொறுமையாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். மாமி என் முகத்தையே பார்க்கவில்லை. "வயித்திலை ஓட்டை போட்டு ஊத்திறதெண்டால் நான் சும்மா கிடந்தே போறன் எண்டு அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லு" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

என் கணவருக்கு விட்பியில் ஒரு களஞ்சியத்தில் வேலை, எனக்கு மிசிசாகாவில். ஒருவர் கிழக்கே, ஒருவர் மேற்கே. பகல் முழுக்க வீட்டில் மாமாவும் மாமியும் மட்டும். நான் விடியற்காலையில் கஞ்சியோ சூப்போ வைத்து மூடிவிட்டுப் போவேன். மாலையில் வந்து திறந்தால் அப்படியே ஆடை படிந்து இருக்கும்.

அதனால்தான் மாமா அன்று சுத்தியலோடு நின்றார். அலமாரியில் இருந்ததையெல்லாம் இறக்கிப் பார்த்திருக்கிறார். பருப்பை அவிக்க எவ்வளவு தண்ணீர் என்று தெரியவில்லை. குக்கரைத் தொடப் பயம். முதல்நாள் மகளின் தட்டில் மிஞ்சிக் கிடந்த ஒரு கறுப்பு பீன்ஸை விரலால் அழுத்தியபோது அது மாவாகியிருக்கிறது. "அவிச்சு அடைச்சிருக்கிறாங்கள். தொட்டால் கரையுது. இதெண்டால் உவவாலை விழுங்கலாம்" என்றார், மாமி இருந்த பக்கம் தலையைக் காட்டி. விரலுக்குக் கட்டுப் போடவும் விடாமல், டின்னில் இருந்ததை அந்தக் கறுப்புத் தண்ணீரோடு அப்படியே சட்டியில் கொட்டி, தேங்காய்ப் பால் ஊற்றி, கரண்டியின் பின்புறத்தால் மசித்தார். ஒரு சின்னக் கோப்பையில் எடுத்துப்போய் மாமிக்கு முன்னால் முழங்கால் மடித்து உட்கார்ந்தார். மாமி அவரை அப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். இரண்டு கரண்டி விழுங்கினார்.

"இஞ்சேரும், எப்பிடி இருக்கு?"

"நல்லாயிருக்கு" என்றார் மாமி.

சட்டியில் மிஞ்சியதை நான் வழித்து வாயில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. தகர வாடை தொண்டை வரை இறங்கியது. ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாமாவும் நானும் முதன்முறையாகச் சமையலறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். டின் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாயடியில் பிடித்து நுரை போகும்வரை பீன்ஸைக் கழுவ வேண்டும் என்று சொன்னேன். அவர் மூன்று முறை கழுவினார். நான்காவது முறை வடிந்த தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "இப்ப தெளிவு" என்றார். பூண்டை எண்ணெயில் போடாமல் தண்ணீரில் அவித்தோம். நான் பெருங்காயம் என்றேன், அவர் பெருஞ்சீரகம் என்றார். இரண்டும் வேண்டாம், சீரகத்தை வறுத்துப் பொடித்துப் போடலாம் என்று முடிவானது. மிளகாய் இல்லை, புளி இல்லை, எலுமிச்சை இல்லை. கறிவேப்பிலையை வதக்கி வாசம் இறங்கியதும் வெளியே எடுத்துவிட்டோம். மருந்து குடிக்கும் சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் தேங்காய்ப் பாலைக் கோடு பார்த்து அளந்து ஊற்றினார். உப்பை விரலால் எடுக்கமாட்டார். கத்தி முனையில் எடுத்து, தட்டி, சமன் செய்துதான் போடுவார்.

மாமி வரவேற்பறைச் சோபாவில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவருக்கு வாசனையும் சரியாகத் தெரியவில்லை. காதுதான் மிஞ்சியிருந்தது. "வெங்காயம் சத்தம் மாறுது, அடுப்பைக் குறையுங்கோ" என்பார் அங்கிருந்து. மாமா ஓடிப்போய்க் குறைப்பார். அவர் சொன்னது ஒவ்வொரு தடவையும் சரியாக இருக்கும்.

தினமும் ஒரு சின்ன மாற்றம். ஒருநாள் இஞ்சி. ஒருநாள் சீரகம் கொஞ்சம் கூட. ஒருநாள் அவித்த கரட் சேர்த்து. தினமும் அதே கேள்வி, தினமும் அதே பதில். நல்லாயிருக்கு. மாமா கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கும்போது வாய்க்குள் ஏதோ பழைய பாட்டை முணுமுணுப்பார். பதினொரு வருடத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, குளியலறைக் குப்பைக் கூடையைக் காலி செய்யும்போது அடியில் சுருட்டி வைத்த காகிதத் துண்டுகளைக் கண்டேன். கருஞ்சிவப்பாகக் கறை. மாமிக்குத் தொண்டையிலிருந்து இரத்தம் வருகிறது, எங்களிடம் மறைக்கிறார் என்று நினைத்தேன். ஒன்றைப் பிரித்தேன். வறுத்த சீரக வாசம் வந்தது.

இரத்தமில்லை. பீன்ஸ். மாமி இரண்டு கரண்டி விழுங்கிவிட்டு, மாமா தண்ணீர் எடுக்க எழுந்துபோகும் நேரத்தில் மீதியைக் காகிதத்தில் வழித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறார். அவ்வளவு நாளும்.

மாமியின் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். என் கையில் இருந்ததைப் பார்த்தார். மறுக்கவில்லை.

"ஏன் மாமி? பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிச் சொல்லுறது?" அவருடைய குரல் அப்போது காற்றாகத்தான் வரும். "அந்த மனிசன் ஒருநாள் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தித் தந்ததில்லை. இப்ப மூண்டு வேளையும் கோப்பையோடை வந்து முன்னாலை நிக்கிறார். வேண்டாம் எண்டால் அந்த முகத்தை நான் பிறகு என்னெண்டு பாக்கிறது?"

"எடை இறங்கினா குழாய் வைப்பாங்க மாமி."

"தெரியும்" என்றார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அவருக்குச் சொல்லாதை."

நான் சொல்லவில்லை. அது பிழை என்று தெரிந்தும் ஐந்து நாட்கள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நாட்களும் மாமா பாடிக்கொண்டே கோப்பை கழுவினார். 

புதன்கிழமை தராசு சொல்லிவிட்டது. முந்தைய வாரங்களில் நூறு, இருநூறு கிராமாக இறங்கியது, இந்தமுறை இரண்டு கிலோ குறைவு. உணவு ஆலோசகர் குழாய்க்கு நாள் குறிக்கலாமா என்று கேட்டார். இன்னும் ஒரு வாரம் கொடுங்கள் என்று நான் கெஞ்சினேன். மாமா தராசில் தெரிந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். கார் நிறுத்துமிடத்தில் மாமியைப் பின் இருக்கையில் ஏற்றிவிட்டுத் தானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். எப்போதும் முன்னால் உட்காருகிறவர். நான் வண்டியைக் கிளப்பவில்லை.

"இஞ்சேரும்" என்றார். "நான் செய்தது ஒண்டும் உள்ளை போகேல்லை, என்ன?"

மாமி அழத் தொடங்கினார். உமிழ்நீர் வற்றியவருக்குக் கண்ணீர் மட்டும் எங்கிருந்து அவ்வளவு வந்ததோ.

"நாப்பது வருசம் நீர் வைச்ச ஒவ்வொரு கறிக்கும் நான் குறை சொன்னனான். உம்மடை கை மணத்திலை ஒரு பிழையும் இருக்கேல்லை. எனக்கு வேறை மாதிரிக் கதைக்கத் தெரியேல்லை, அவ்வளவுதான். இப்ப என்ரை சமையல் உமக்கு நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டால் நான் எதைத் திருத்துறது? எனக்கு என்ன தெரியும்? என்னைப் பேசும். வாய் திறந்து பேசும். கூடாது எண்டு சொல்லும்."

யாழ்ப்பாணத்தில் பேசுவதென்றால் திட்டுவது. அந்த அர்த்தம் எனக்கு அந்தக் காருக்குள் வைத்துத்தான் முழுதாக விளங்கியது.

மாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தோல்" என்றார்.

"என்ன?"

"அந்தத் தோல். மசிச்சாலும் அது மசியிறேல்லை. தொண்டையிலை போய் ஒட்டுது. பிறகு இருமல். இருமினால் உயிர் போகுது. உள்ளுக்கிருக்கிறது பரவாயில்லை. தோல்தான் ஏலாது."

மாமா தலையை ஆட்டினார். ஆய்வுகூடத்தில் யாரோ ஒரு வாத்தியார் சொன்ன குறிப்பை வாங்கிக்கொள்வது போல. "சரி. வேறை?"

"சீரகம் நறநற எண்டுது."

"வேறை?"

"சூடு கூட."

வீடு வந்து சேரும்வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார் மாமி. கண்ணாடியில் பார்த்தேன். மாமா அவருடைய கையைத் தன் மடியில் வைத்திருந்தார்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டின் காலை வேறு மாதிரி ஆனது. நான் வேலைக்குக் கிளம்பும்போதே மாமா மேசையில் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு கிண்ணம், அதன் மேல் கம்பி வலை வடிகட்டி. கழுவிய பீன்ஸை வெந்நீரில் இன்னொரு முறை கொதிக்கவைத்து, வடிகட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மரக்கரண்டியால் தேய்ப்பார். உள்ளிருக்கும் சதை ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் கீழே இறங்கும். மேலே கண்ணாடித்தாள் போல வெறும் தோல்கள் மட்டும் நிற்கும். அவருடைய கை அப்போதே நடுங்கத் தொடங்கியிருந்தது. ஒரு டின் தேய்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். மிக்ஸியில் அடித்துவிடலாமே என்று ஒருநாள் சொன்னேன். "அடிச்சால் தோலும் சேந்தெல்லோ அரைபடும். அது நிக்கும் பிள்ளை, கண்ணுக்குத் தெரியாமல் நிக்கும்" என்றார். அவர் சொன்னது சரிதான். நான் பிறகு மிக்ஸியில் அடித்து, நாக்கால் தடவிப் பார்த்தேன். தோல் பொடிப்பொடியாக நின்றது.

சீரகத்தைத் தண்ணீரில் அவித்து வடித்துச் சேர்த்தார். தேங்காய்ப் பாலை அடுப்பு அணைத்த பிறகு விட்டார். மேலுதட்டில் தொட்டுப் பார்த்துச் சூடு பதம் சொன்னார். முதல் வாரம் மாமி கால் கோப்பை உள்ளே இறக்கினார். சத்தியமாக இறக்கினார். மாமா தண்ணீர் எடுக்கக்கூட எழுந்து போகவில்லை, முன்னமே எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை எடை இறங்கவில்லை. அடுத்த புதன் இருநூறு கிராம் ஏறியது. குழாய்க்கு நாள் குறிக்கவில்லை. டின்கள் மட்டும் பெட்டி பெட்டியாக வாங்கினோம். உப்பில்லாமல் அடைத்தது கிடைக்கிறது என்று மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

ருசி மட்டும் திரும்பவில்லை. அது வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். மாமி தோலைப் பற்றிச் சொல்வார், சூட்டைப் பற்றிச் சொல்வார், கட்டியாக இருக்கிறது, தண்ணியாக இருக்கிறது என்பார். உப்பு, உறைப்பு, இனிப்பு என்ற சொற்கள் அவருடைய வாயிலிருந்து போயிருந்தன. மாமாவும் கேட்பதை விட்டிருந்தார். ஆனாலும் ஒவ்வொரு நாளும் கத்தி முனையில் உப்பை அளந்து போடாமல் விட்டதில்லை. தெரியாதவருக்கு ஏன் அவ்வளவு பார்த்துப் போடவேண்டும் என்று கணவர் ஒருமுறை கேட்டார். மாமா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மாமி தேறினார். இப்போது கீழ்மாடி அறையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தானே நடந்து போய் வருகிறார். பாண் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவார், இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துச் சாப்பிடுவார், மிளகாய்த்தூளைக்கூட நுனிவிரலால் தொட்டுப் பார்ப்பார். போனது மாமாதான். யாரும் எதிர்பாராத ஒரு இலையுதிர்காலக் காலையில், தோட்டத்துக் குழாயைக் குளிருக்கு முன் கழற்றி வைக்கப் போன இடத்தில், இதயம் நின்றுவிட்டது. அவரைப் பற்றிப் பேச வருகிறவர்கள் அவருடைய கண்டிப்பைச் சொல்கிறார்கள், நேரம் தவறாமையைச் சொல்கிறார்கள். எனக்கு நினைவு வருவது ஒரு தொலைபேசி அழைப்பு.

சிகிச்சை முடிந்து ஐந்தாவது மாதம். நான் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். மேசையில் கிடந்த கைபேசியில் மாமாவின் பெயர் ஒளிர்ந்தது. அவர் அதுவரை என்னை ஒருநாளும் அழைத்ததில்லை. வீட்டில் தீப்பிடித்தாலும் மகனைத்தான் அழைப்பார். எழுந்து வெளியே ஓடினேன். மாமிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தபடியே அழைப்பை எடுத்தேன்.

"மாமா?"

 "பிள்ளை" என்றார். "மாமி பேசுறா."

"என்ன?"

"உப்புக் கூடிப்போச்சாம். வாயிலை வைக்கேலாதாம். என்ன கண்ணை மூடிக்கொண்டோ போட்டனீங்கள் எண்டு பேசுறா." அவர் குரல் உடைந்தது. "நான் போட்டுப் பாத்தனான் பிள்ளை. உண்மையாகவே கூடித்தான் போச்சு. கை தவறிப்போச்சு. உவவுக்குத் தெரியுது. உப்புத் தெரியுது!"

கூட்டத்துக்கு நான் திரும்பிப் போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். 401 நெடுஞ்சாலை அன்றைக்கும் அடைத்துத்தான் கிடந்தது. ஆனால் எரிச்சல் வரவில்லை. மோர்னிங்சைட் வந்து வீட்டுக் கதவைத் திறந்தபோது, மாமி சோபாவில் இல்லை. மாதங்களுக்குப் பிறகு சமையலறைக்குள் நின்றார், மேசை விளிம்பைப் பிடித்தபடி. காற்றாய்ப் போயிருந்த அந்தக் குரலில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டால் உப்பை இழுக்கும் என்பதுகூடத் தெரியாதா, இத்தனை மாதமாக என்ன சமைத்துக் கிழித்தீர்கள், இப்படித்தானா பள்ளிக்கூடத்தில் அமிலத்தை அளந்து ஊற்றினீர்கள் என்று விடாமல் கேட்டார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டு, ஒரு உருளைக்கிழங்கை மிக மெதுவாகத் தோல் சீவிக்கொண்டிருந்தார். முடிக்க அவருக்கு மனமில்லை என்பது தெரிந்தது.

நான் ஷூவைக்கூடக் கழற்றாமல் கதவடியிலேயே நின்றேன். மாமி பேசி முடிக்கட்டும் என்று.